தட்டினால் விழுமா, நிற்குமா?

எங்கள் ஆலையில் மாவு சேர்த்துவைக்கிற பழைய ஹாப்பரைப் போன மாதம் கேஸ் வைத்து வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதன் உள்ளே காற்றை ஊதி மாவை இளக்குவார்களாம். ஆள் நின்று தட்ட வேண்டிய வேலையே இனிமேல் இல்லையாம். ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பாதுகாப்பு அதிகாரி எனக்குப் போன் செய்தார். சின்ன வயதுப் பெண்.

"அண்ணா, பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு சின்ன மலர் போடறோம். பழைய ஹாப்பர்ல பெருமாள் அண்ணன் மாட்டிக்கிட்டாங்களாமே, அத நீங்க எழுதிக் குடுங்க. கடைசில 'இதிலிருந்து கற்ற பாடம்'னு ரெண்டு வரி வந்தா போதும்" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வராது. போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நடந்ததை எழுதிவிடலாம். பாடம் என்ன என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

என் பெயர் மாதையன். பொம்மிடிக்குப் பக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய மரவள்ளி மாவு ஆலையில் வேலை பார்த்தேன். பத்தாவது முடித்த கையோடு சேர்ந்தவன், மாவுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னதால் போன வருடம் நின்றுகொண்டேன். ஓய்வு பெறுகிற வயது இல்லை. ஆனாலும் மாலை போட்டு, சால்வை போர்த்தி, பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என்னைப் போட்டது தொட்டியில். மரவள்ளியை, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கை, தோல் நீக்கி அரைத்து, சக்கையை வடிகட்டி, பாலைத் தொட்டியில் விடுவார்கள். மாவு அடியில் படியும். மேல் தண்ணீரை இறக்கிவிட்டால் கீழே கூழும் இல்லாமல் கட்டியும் இல்லாமல் ஒன்று கிடக்கும். புதிதாக வருகிறவனுக்கு அங்கே ஒரு சடங்கு உண்டு. "டேய், மாவு பதமாயிருக்குதான்னு ஒரு குத்து குத்திப் பாரு" என்பார்கள். நானும் குத்தினேன். பாறையில் குத்தியது போல் கை விண்ணென்று தெறித்தது. எல்லோரும் சிரித்தார்கள். "இப்ப மெல்ல வை" என்றார்கள். வைத்தேன். தயிருக்குள் போவதுபோல் மணிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. "இப்ப வெடுக்குனு எடு" என்றார்கள். இழுத்தேன். மாவு கையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் சிரிப்பு. மெல்ல எடுத்தால்தான் விட்டது.

அடுத்துக் குலுக்குகிற இடம். ஈர மாவைத் தூளாக்கித் துணித் தொட்டிலில் போட்டு, இருபக்கமும் ஆள் நின்று ஆட்டுவோம். கொஞ்ச நேரத்தில் மாவு தானாக உருண்டு ஜவ்வரிசி ஆகிவிடும். யாரும் உருட்டுவதில்லை. இத்தனை பெரிதாகத்தான் வர வேண்டும் என்று யாரும் சொல்வதுமில்லை. தட்டில் போட்டு அசைத்தால் பெரிய மணி எல்லாம் மேலே வந்து உட்காரும், நொய் அடியில் போய்ச் சேரும். கனமானது கீழேதானே போக வேண்டும்? நான் கேட்டால் கூட இருந்தவர்கள், "அது அப்படித்தான்" என்பார்கள். அதற்குமேல் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

பிறகு ஆலையில் ஜவ்வரிசியைக் குறைத்துக்கொண்டு காய்ந்த மாவாகவே விற்க ஆரம்பித்தார்கள். டிரையர் வந்தது, கூடவே ஹாப்பர் வந்தது. என்னை அதன் அடியில் மூட்டை பிடிக்கப் போட்டார்கள். நிற்கும்வரை அதுதான் என் வேலை.

ஹாப்பர் என்றால் இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. மேல்பாதி உருளை, கீழ்பாதி புனல். டிரையரிலிருந்து குழாய் வழியாக மாவு மேலே போய் விழும். புனலின் அடியில் ஒரு ஷட்டர். அதைத் திறந்தால் மாவு இறங்கி மூட்டையில் நிறைய வேண்டும். சில நாள் தண்ணீர் போல் இறங்கும், ஷட்டரை மூட முடியாமல் திணறுவோம். சில நாள் ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கும், மேலே மலை மாதிரி மாவு இருக்கும், ஒரு சிட்டிகைகூட வராது. டார்ச் அடித்து அடியிலிருந்து பார்த்தால் உள்ளே குகை போல் வெறுமையாக இருக்கும். அதற்குமேல் மாவு தானே வளைந்து, ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து, பாலம் போல் நிற்கும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடுகிற மாவு அது. ஒரு பொடியால் ஒன்றையும் தாங்க முடியாது. எல்லாம் சேர்ந்து எப்படித் தாங்குகின்றன, எல்லாம் சேர்ந்து எப்போது கைவிடுகின்றன என்று நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

காரிமங்கலம் சந்தை நாளில் பஸ் வந்து நிற்கும்போது எனக்கு இந்த ஹாப்பர்தான் ஞாபகம் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் முட்டுவார்கள், ஒருவரும் ஏற முடியாது. கூடையோடு ஒரு அம்மா சலித்துப்போய் ஒதுங்கினால் மொத்தக் கூட்டமும் உள்ளே கொட்டிவிடும். இன்னொரு நாள் அதேபோல ஒருவர் ஒதுங்குவார், ஒன்றும் நடக்காது.

மாவு நின்றுவிட்டால் செய்ய வேண்டியதைப் போர்மேன் முறைப்படுத்தி வைத்திருந்தார். முதலில் மரச்சுத்தியால் புனல் தகட்டைத் தட்ட வேண்டும். அதை நாங்கள் கொட்டாப்புளி என்போம். விழவில்லை என்றால் மேலே ஏறி, மூடியைத் திறந்து, மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் குழி விழுந்திருந்தால் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தட்டையாக இருந்தால் அடியில் பாலம் கட்டியிருக்கிறது. அப்போது வெளியே மேடையில் நின்றபடி மூங்கில் கழியை உள்ளே விட்டுக் குத்த வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் மாவின்மேல் காலை வைக்கக் கூடாது.

இதில் தட்டுகிற வேலை மட்டும் ஆலை முழுவதற்கும் சொந்தமாகிவிட்டது. கொட்டாப்புளி ஒரு கயிற்றில் ஹாப்பர் பக்கத்திலேயே தொங்கும். மாவு நின்றிருக்கிறது என்று தெரிந்தால் போதும், அந்தப் பக்கம் போகிறவர் வருகிறவர் எல்லோரும், கோயில் மணியை அடிப்பது போல, ஒரு அடி போட்டுவிட்டுப் போவார்கள். டீ கொண்டுவருகிறவர்கூட அடிப்பார். அந்த இடத்தில் தகடு குழிந்து தட்டு மாதிரி ஆகியிருந்தது. தன் அடியில்தான் மாவு விழுந்தது என்று சொல்லிக்கொள்வதில் எல்லோருக்கும் ஆசை.

லோடுமேன் கோவிந்தனுக்கு இதில் பெரிய பெயர். "என் கை ராசிக்கை. நான் வர்ற வரைக்கும் அது நிக்கும்" என்பான். மூட்டை தைக்கும் செல்வி விடமாட்டாள். "ஆமாமா. நீ லாரியில இருந்து எறங்கறப்பவே பயந்துபோய் விழுந்துடுது. உன் மூஞ்சியப் பாத்தா மாவென்ன, மாடியே எறங்கும்" என்பாள்.

நான் மட்டும் அடிப்பதில் அவ்வளவு நம்பிக்கை இல்லாமல் இருந்தேன். தினமும் அதன் அடியிலேயே நிற்கிறவன் என்பதால் பார்த்திருக்கிறேன். சில நாள் ஒரே அடியில் மொத்தமும் விழும். சில நாள் அடிக்க அடிக்க மாவு இறுகி, பிறகு கம்பி வைத்துக் குத்தினாலும் இறங்காது. ரயில் பாதையில் சரக்கு வண்டி போகும்போது தரை அதிர்ந்து தானாக விழுந்ததும் உண்டு. அதைவிடப் பெரிய வண்டி போயும் அசையாமல் நின்றதும் உண்டு. மழைநாள், வெயில் நாள், புது மாவு, பழைய மாவு என்று எப்படிப் பிரித்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

போர்மேன் நஞ்சப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூர்ப் பக்கத்து மனிதர், வீட்டில் கன்னடம் பேசுவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. உத்தரவு போட்டும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கேள்வியாகத்தான் கேட்பார். பெல்ட் அறுந்து கிடக்கும். பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்னப்பா, இப்ப என்ன பண்ணலாம்?" என்பார். முதலில் நான் இதை ஒரு தினுசான கிண்டல் என்று நினைத்தேன். பதில் தெரிந்துகொண்டே நம்மைச் சோதிக்கிறார் என்று. பல வருடம் கழித்துத்தான், அவர் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறார் என்று புரிந்தது. யாராவது அடித்துச் சொன்னால், "யார் சொன்னாங்க?" என்பார். அதுவும் கோபமாக இல்லை. யார் சொன்னது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பார்.

அவர் சட்டைப் பையில் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் முனையை மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பேரிங் போயிருக்கிறதா, இன்னும் ஓடுமா என்பதை அப்படித்தான் பார்ப்பார். ஹாப்பரிலும் வைத்துப் பார்ப்பார். "பேரிங் பேசும். இது பேசாது. மாவு ஊமை" என்பார்.

பெருமாள் என் அத்தை மகன். என்னை மச்சான் என்பான். என்னைப் போல இல்லை, வாய் ஓயாதவன். அவன் வேலை டிரையர் மேடையில், அதாவது ஹாப்பரின் தலைமாட்டில். கழி விட்டுக் குத்துவதும் அவன்தான்.

அது மழைக்காலம். காற்றில் ஈரம் இருந்ததால் காலையிலிருந்தே மாவு நின்று நின்று இறங்கியது. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முழுசாக நின்றுவிட்டது. வெளியே லாரி காத்துக்கொண்டிருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அடித்துப் பார்த்துவிட்டார்கள். பெருமாள் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "மச்சான், தார் ரோடு மாதிரி கெடக்குது. பஸ்ஸே வுடலாம்" என்று சொல்லிவிட்டுக் கழியோடு போனான்.

கொஞ்ச நேரம் கழித்து என் கால்மாட்டில் இரண்டு கை அளவு மாவு கொட்டியது. சரி, இறங்குகிறது என்று மூட்டையைப் பிடித்தேன். நின்றுவிட்டது. அப்போது தகட்டுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, யாரோ என் பெயரைச் சொல்வது கேட்டது.

"மச்சான்... மாதையா மச்சான்..."

டிரையர் காற்றாடிச் சத்தத்தில் முதலில் நம்பவில்லை. காதைத் தகட்டில் வைத்தேன். பெருமாளின் குரல்தான்.

கழி கைநழுவி மாவில் நட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. எட்டவில்லை. மாவின் முகம் தார் ரோடு மாதிரிதானே இருக்கிறது என்று ஒரு காலை வைத்திருக்கிறான். தாங்கியது. இன்னொரு காலையும் வைத்திருக்கிறான். அதுவும் தாங்கியது. கழியைப் பிடித்து அசைத்ததும் காலடி உள்வாங்கி, மார்பு வரைக்கும் இறங்கி நின்றுவிட்டான். இதெல்லாம் பிறகு அவன் சொன்னது. எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். அவனுக்குக் கீழே குகை இருக்கிறது. அவனையும் பல டன் மாவையும் அந்தப் பாலம்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது விழுந்தால் அவன் அதன் அடியில் போய்விடுவான்.

ஷட்டர் சக்கரத்தை மெல்ல, மிக மெல்லச் சுற்றி மூடினேன். செல்வியிடம் ஓடிப்போய் ஹாப்பரைக் கையால் காட்டினேன். "என்னண்ணா, பாம்பா?" என்றாள். "பெருமாளு... உள்ள" என்றேன். அவள் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு நஞ்சப்பாவிடம் ஓடினாள்.

நஞ்சப்பா வந்து முதலில் டிரையரை நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு மெஷினாக நிறுத்தினார். ஆலை அமைதியானதும் ஸ்க்ரூடிரைவரைத் தகட்டில் வைத்துக் காதைக் கொடுத்தார். அவர் முகம் வேர்த்திருந்தது.

மேலே போகிற இரும்பு ஏணி ஹாப்பரோடு சேர்த்து வெல்டிங் செய்தது. அதில் ஏறினால் ஹாப்பர் அதிரும். "அதுல ஏற வேண்டாம்" என்று அவரே சொல்லிக்கொண்டார். வெளியே பெயின்ட் அடிக்கிறவர்களிடம் மூங்கில் ஏணி இருந்தது. அதையும் இரண்டு பலகையையும் கொண்டுவர ஆட்களை அனுப்பினார்.

பிறகு என்னைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை.

"மாதையா, நீதான் தெனம் பாக்கறவன். தட்டி வுட்டா மாவு இன்னும் இறுகி அவனப் புடிச்சு நிக்குமா? இல்ல விழுந்துடுமா?"

நான் என்ன சொல்வேன்? அடித்து இறுகியதையும் பார்த்திருக்கிறேன், அடித்து விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். எது எப்போது என்று தெரிந்தால்தானே?

"தெரியலிங்க" என்றேன்.

"எனக்கும் தெரியலப்பா. தட்டணுமா, வேண்டாமா?"

"வேண்டாங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் காரணம் இல்லை. "அப்ப சத்தம்கூட வேண்டாம். யாரும் கத்தாதீங்க. மேல போற வரைக்கும் அவனுக்குப் பதில்கூட குடுக்காதீங்க. ஸ்வல்ப இருங்க" என்றார். ஸ்வல்ப என்றால் கொஞ்சம். ஏணியைப் பார்க்க வெளியே போனார்.

நான் தகடு குழிந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். முதுகைச் சாய்த்தால் அதிருமோ என்று, உள்ளங்கையை மட்டும் பின்னால் தகட்டின் மேல் வைத்துக்கொண்டேன். உள்ளே ஏதாவது அசைந்தால் கைக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

உள்ளே அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "மச்சான், இருக்கியா? மச்சான், யாராவது இருக்கீங்களா?" எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தகடும் மாவும்தான். நான் பதில் சொல்லவில்லை. அவன் துள்ளுவதும் திமிறுவதும் கைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு திமிறலுக்கும் தகட்டில் லேசாக ஒரு சரசரப்பு.

அப்போதுதான் கோவிந்தன் வந்தான். லாரியில் தூங்கிக்கொண்டிருந்தவன், மெஷின் எல்லாம் நின்றது கேட்டு எழுந்து வந்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நேராக வந்து கொட்டாப்புளியை எடுத்தான்.

"என்னடா மாதையா, ஹாப்பரோட போட்டோ புடிக்கறதுக்கு நிக்கறியா? நகுரு. ஒரே அடி, மொத்தமும் எறங்கும் பாரு."

நான் நகரவில்லை. சத்தம்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அட, இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு? பேய் கீய் புடிச்சுதா?" என்று சிரித்துக்கொண்டே, கொட்டாப்புளியை விட்டுவிட்டு, என் தோளைச் சுற்றிக் கையை நீட்டி, வெறும் கையால் விளையாட்டாகத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.

அவன் கையைப் பிடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒரு மனிதனை அப்படிப் பிடித்ததில்லை. "பெருமாளு உள்ள இருக்கான்" என்றேன். கோவிந்தனின் முகம் அப்படியே வெளுத்துப்போனது. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு உள்ளேயிருந்து குரல் வரவில்லை. திமிறலும் இல்லை. சரசரப்பும் இல்லை. போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு தட்டில் போய்விட்டான்.

மூங்கில் ஏணியை ஹாப்பரில் படாமல் சுவரில் சாத்தி, நஞ்சப்பாவும் இன்னும் இரண்டு பேரும் மேலே ஏறினார்கள். அதே நேரத்தில் பொம்மிடிப் பக்கமிருந்து வண்டியின் ஹாரன் கேட்டது. சரக்கு வண்டி. ஆலையை நிறுத்தலாம், ரயிலை யார் நிறுத்துவது? கால் வழியாக முதலில் அதிர்வு வந்தது. பிறகு தகடு என் உள்ளங்கையில் நடுங்கியது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. செல்வி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தன் காதைப் பொத்திக்கொண்டான்.

வண்டி போய்விட்டது. மாவு விழவில்லை.

மேலேயிருந்து நஞ்சப்பாவின் குரல் வந்தது. "இருக்கான்."

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டது மட்டும்தான். ஹாப்பர் வாயின் குறுக்கே பலகை போட்டார்கள். அக்குளில் கயிறு கட்டி ஒருமுறை இழுத்தார்கள். பெருமாள் போட்ட கூச்சலில் விட்டுவிட்டார்கள். தொட்டியில் கையைக் கவ்வுகிற அதே மாவு, காய்ந்த பிறகும் ஆளைக் கவ்வுகிறது. சுற்றியிருந்ததை அள்ளிப் பார்த்தார்கள். அள்ள அள்ளப் பக்கத்து மாவு சரிந்து வந்து நிறைந்தது. என்ன பண்ணலாம் என்று நஞ்சப்பா கேட்பது கீழே வரைக்கும் கேட்டது. பெருமாளைத்தான் கேட்டார்.

பெருமாள் வீட்டில் கிணறு வெட்டுகிறவர்கள். மார்பு வரை மாவில் நின்றுகொண்டே அவன் சொன்னான்: "மணல்ல கெணறு எடுக்கறப்ப என்னாங்க பண்ணுவாங்க? மண்ணு சரியாம வளையம் வளையமா உறை எறக்குவாங்க. எனக்கு ஒரு உறை எறக்குங்க."

நீல டிரம் ஒன்றின் அடியை அறுத்தார்கள். கையை மேலே தூக்கிக்கொள்ளச் சொல்லி, தலைவழியாக அவன்மேல் இறக்கி, அழுத்தி அழுத்தி மாவுக்குள் இறக்கினார்கள். டிரம்முக்கு உள்ளே இருந்த மாவை மட்டும் செம்பால் அள்ளினார்கள். வெளியிலிருந்த மாவு உள்ளே சரிய முடியவில்லை. முட்டி தெரிந்த பிறகு, கயிற்றை மெல்ல, அவசரமில்லாமல் இழுத்தார்கள். வந்துவிட்டான்.

கீழே இறங்கியபோது இமை வரைக்கும் வெள்ளையாக இருந்தான். செல்வி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்து, "கல்யாண மாப்பிள்ளைக்கு யாரு இவ்வளவு பவுடர் போட்டது?" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள்.

எல்லோரையும் வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் நஞ்சப்பா டீ வரவழைத்தார். ஆலைக்குள் ஒருவரும் இல்லை. மெஷின் ஓடவில்லை. ரயில் போகவில்லை. காற்றுகூட இல்லை. பெருமாள் இரண்டாவது வாய் டீ குடிக்கும்போது உள்ளே 'தொம்'மென்று ஒரு சத்தம். கூரைத் தகரம் அதிர்ந்தது. வாசல் வழியாக வெள்ளைப் புகை போல் மாவுத் தூசி வெளியே வந்தது.

பாலம் விழுந்துவிட்டது. யாரும் தட்டாமல்.

அதன் பிறகு நிர்வாகம் இரண்டு பேரை அனுப்பி விசாரித்தது. ஒருவர், தட்டாமல் இருந்ததால்தான் ஆள் பிழைத்தார், தட்டியிருந்தால் உடனே விழுந்திருக்கும் என்றார். இன்னொருவர், காலையிலிருந்து அத்தனை பேர் அடித்து அடித்து மாவை இறுக்கியிருந்ததால்தான் அது அவ்வளவு நேரம் தாங்கியது என்றார். இரண்டு பேரும் படித்தவர்கள், பொறுமையாகத்தான் விளக்கினார்கள். முதலாமவர் பேசும்போது அதுதான் சரி என்று பட்டது. இரண்டாமவர் பேசும்போது அதுவும் சரி என்று பட்டது. நஞ்சப்பா இரண்டு பேரையும், "அப்ப டீ குடிக்கறப்ப ஏங்க விழுந்துச்சு?" என்று கேட்டார். அது எந்த நேரத்திலும் விழக்கூடிய நிலையில் இருந்தது என்று இருவரும் ஒன்றுபோல் சொன்னார்கள். எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. நஞ்சப்பாவுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் கொட்டாப்புளி கயிற்றிலிருந்து காணாமல் போனது. அதற்குப் பிறகு நஞ்சப்பா ஒருவர்தான் தட்டினார்.

இந்தக் கட்டுரைக்குப் பாடம் எழுத வேண்டுமே, பெருமாளையே கேட்டுவிடலாம் என்று போன வாரம் அதியமான்கோட்டைக்குப் போனேன். அவன் அந்த விபத்துக்குப் பிறகு ஆலைக்கு வரவில்லை. அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். லாரி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"பாடமா? மாவு மேல கால வெக்காதேன்னு எழுது. அதுக்கு ஏன் மச்சான் இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்த?"

"அது இல்லடா. நீ எப்படிப் பொழச்சேன்னு எழுதணும்."

அவன் டயரை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உன்னாலதான். இத நான் யாருகிட்டயும் சொல்லல. மெஷினு எல்லாம் நின்னுபோச்சு. கத்தறேன், ஒருத்தனும் பதில் குடுக்கல. எல்லாரும் சாப்புடப் போயிட்டாங்க, நான் இங்கயே சாவறேன்னு நெனச்சேன். பயத்துல துள்ளறேன். துள்ளத் துள்ள உள்ள போவுது. அப்ப தகட்டுல ஒரு தட்டு கேட்டுச்சு. மெதுவா. சரி, மச்சான் இருக்கான், தெரிஞ்சுபோச்சு, இனிமே அசையக் கூடாதுன்னு அப்படியே செலையா நின்னுட்டேன். அந்தத் தட்டு கேக்கலன்னா துள்ளியே போயிருப்பேன்."

எந்தத் தட்டு விழக்கூடாது என்று நான் நின்றேனோ, அந்தத் தட்டு.

"அது நான் இல்லடா. கோவிந்தன். வெளையாட்டுக்குத் தட்டுனான்" என்றேன்.

பெருமாள் சிரித்தான். "போ மச்சான். கோவிந்தன் தட்டுனா எனக்குத் தெரியாதா? அவன் தட்டுனா ஆலையே அதுரும். இது அப்படி இல்ல. யாரோ பயந்து பயந்து தட்டுன மாதிரி இருந்துச்சு. அப்படித் தட்டறதுக்கு அந்த ஆலையில நீ ஒருத்தன்தான் இருந்த."

கோவிந்தன்தான் தட்டினான். நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவன் அன்றைக்குச் சத்தமாகத் தட்டினானா, மெதுவாகத் தட்டினானா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு இப்போது நினைவுக்கு வரவில்லை. அவன் வருவதற்கு முன்னாலிருந்தே என் உள்ளங்கை அந்தத் தகட்டின் மேல்தான் இருந்தது. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.